வீட்டுக்கே வந்து பார்த்த ‘எம்.டி. டாக்டர்’: நடமாட முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டார் தயவுசெய்து படியுங்கள்

மதுரை எல்லிஸ் நகரில், மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு 74 வயது. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. அப்போதிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும்தான் நடை. இருபது வருடமாகச் சர்க்கரை. இதயத்தின் பம்பிங் 35 சதவீதம் என்று எக்கோ ரிப்போர்ட்டில் இருக்கிறது. டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு ஆட்கள் தூக்கி இறக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொள்வார். இதைப் பார்த்தவர்களுக்குத்தான் நான் ஏன் அந்த நம்பருக்குப் போன் போட்டேன் என்பது புரியும்.

இரண்டு நாளாகக் காய்ச்சல், குளிர் நடுக்கம், சாப்பாடு இறங்கவில்லை. தம்பி திருப்பூரில் இருக்கிறான். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லை. போனில் ‘வீட்டுக்கு வரும் டாக்டர் மதுரை’ என்று தேடியதும் முதலில் வந்த நம்பரை அழைத்தேன். ஒரு பெண் மிக நன்றாகப் பேசினார். “எம்.டி. டாக்டரே வருவாங்க மேடம், கன்சல்டேஷன் 800 மட்டும்தான், ஒரு மணி நேரத்துல இருப்பாங்க” என்றார். டாக்டர் பெயர் கேட்டேன். “டியூட்டில யார் இருக்காங்களோ அவங்க வருவாங்க” என்றார். அந்த இடத்திலேயே நான் போனை வைத்திருக்க வேண்டும்.

இரவு எட்டு மணிக்கு வந்தார்கள். ஒருவருக்கு நாற்பது வயது இருக்கும், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கூட ஒரு பையன், முதுகில் பை. வந்தவர் அம்மாவின் நெற்றியைத் தொட்டார், பி.பி. பார்த்தார், சட்டையின் மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்தார். நான் பழைய ஃபைலை நீட்டினேன். வாங்கிக் கட்டில் மேல் வைத்தார், திறக்கவில்லை. “சார், அம்மாவுக்கு ஹார்ட் வீக், சுகரும் இருக்கு” என்று நானாகச் சொன்னேன். “தெரியும்மா, முகத்தைப் பார்த்தாலே தெரியுது. டைபாய்டு மாதிரி இருக்கு. உடம்புல தண்ணியே இல்ல, ரெண்டு பாட்டில் ஏத்தினா காலைல எந்திரிச்சு உக்காருவாங்க” என்றார்.

ஜன்னல் கம்பியில் பேண்டேஜ் துணியால் பாட்டிலைக் கட்டினார்கள். ஊசிகள் எல்லாம் டிரிப் குழாய் வழியாகவே போயின. என்ன ஊசி என்று கேட்டேன். “ஆன்டிபயாடிக், காய்ச்சலுக்கு ஒண்ணு, வலிக்கு ஒண்ணு, சத்துக்கு ஒண்ணு” என்றார். அப்புறம் ரத்தம் எடுத்தார்கள். மொத்தமாக இருபது நிமிடம்கூட ஆகவில்லை, “தம்பி பாத்துக்குவான்” என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பிவிட்டார்.

பையன் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் பாட்டில் முடிய நேரமானது. இரண்டாவது பாட்டில் மாட்டியதும் குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தைக் கட்டை விரலால் மேலே தள்ளினான். சொட்டுச் சொட்டாக விழுந்தது கோடு மாதிரி விழ ஆரம்பித்தது. “இவ்வளவு வேகமா போகலாமா தம்பி?” என்றேன். “காய்ச்சலுக்கு இப்படித்தான்க்கா” என்றான். பத்து மணிக்குள் இரண்டும் முடிந்தன. ஒரு லிட்டர்.

பில் கணக்கைப் பையன் வாயாலேயே சொன்னான். டாக்டர் 800, நைட் சார்ஜ் 700, டிரிப் ஒன்றுக்கு 1200 வீதம் 2400, நாலு ஊசி 1400, ரத்தப் பரிசோதனை ‘பேக்கேஜ்’ 3500, மறுநாள் வர அட்வான்ஸ் 1000. ஆக 9,800 ரூபாய். ஜி பே பண்ணினால் ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. ரசீது கேட்டேன், வாட்ஸப்பில் வரும் என்றான். வரவே இல்லை.

அம்மாவுக்கு உடனே நன்றாகிவிட்டது. இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். காய்ச்சல் விட்டது, உடம்பு வலி இல்லை, “கைராசிக்கார டாக்டர் பாப்பா” என்று சொல்லி அரை டம்ளர் பால் குடித்தார். நானும் நிம்மதியாகப் படுத்தேன்.

மூன்று மணிக்கு “மூச்சு விட முடியல” என்ற சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சில் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். அந்த நம்பருக்குப் போட்டேன், சுவிட்ச் ஆஃப். 108 வந்தது. ஸ்ட்ரெச்சர் எங்கள் மாடிப்படியில் திரும்பவில்லை. எதிர்வீட்டு அண்ணனும் கீழ்வீட்டுப் பையன்களும் பெட்ஷீட்டில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள்.

பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் அளவு 84, சர்க்கரை 468. டியூட்டி டாக்டர், சின்னப் பெண், கேட்ட முதல் கேள்வி “என்ன மருந்து போட்டாங்க?” என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்தவர் எழுதித் தந்த சீட்டில் மூன்று மாத்திரைப் பெயர் மட்டும்தான் இருந்தது, ஏற்றிய ஊசி ஒன்றுகூட எழுதவில்லை. “குப்பையில பாட்டில் கிடந்தா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க” என்றார். எதிர்வீட்டு அக்கா எங்கள் குப்பைக்கூடையைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்து போட்டோ அனுப்பினார். பாட்டிலில் ஒன்று சாதாரண சலைன். இன்னொன்று டி.என்.எஸ்., அதாவது குளுக்கோஸ் கலந்தது. அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை. இருபது வருடச் சர்க்கரை நோயாளிக்கு, குளுக்கோமீட்டரில் ஒரு துளி ரத்தம் வைத்துக்கூடப் பார்க்காமல். ஊசிக் குப்பிகளில் ஒன்று டெக்சாமெத்தசோன், ஸ்டீராய்டு.

டியூட்டி டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ஸ்டீராய்டு போட்டால் காய்ச்சலும் வலியும் சட்டென்று அடங்கும், பசி எடுக்கும், ஆள் தெம்பாகத் தெரிவார். உள்ளே நோய் அப்படியே இருக்கும், சர்க்கரை ஏறும். பலவீனமான இதயத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரை இரண்டு மணி நேரத்தில் தள்ளினால் அதை வெளியேற்ற முடியாமல் நுரையீரலில் தேங்கும். கைராசி என்று அம்மா சொன்னது அந்த ஸ்டீராய்டைத்தான்.

ஆறு நாள் வார்டில் இருந்தோம். நீர் பிரிய ஊசியும் இன்சுலினும் போட்டு நிலைமையைச் சரிக்குக் கொண்டுவந்தார்கள். காய்ச்சலுக்குக் காரணம் சிறுநீர்த் தொற்று. டைபாய்டு இல்லை. இதற்கு நடுவில் இரண்டாம் நாள் வாட்ஸப்பில் அந்த 3500 ரூபாய் ரிப்போர்ட் வந்தது. டைபாய்டு பாசிட்டிவ் என்று இருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 142 என்று ஒரு வரி. அம்மா ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டார், எட்டேகாலுக்கு ரத்தம் எடுத்தார்கள். எந்த வெறும் வயிறு? லேப் முகவரி இல்லை, கையெழுத்து இல்லை. அந்த ரத்தத்தை யாரும் எங்கேயும் பரிசோதிக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிறகுதான் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் எம்.டி. அதன் பக்கத்தில் கடுகளவு எழுத்தில், அடைப்புக்குறிக்குள் ஏ.எம். மாற்று மருத்துவமாம். அதை வைத்துக்கொண்டு ஆங்கில மருந்தும் ஊசியும் போட உரிமையே இல்லை. பதிவு எண் எங்கேயும் இல்லை. அந்தப் பெயரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடினேன், இல்லை. தேட எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. வந்தவரின் பெயரைக் கேட்டு, அந்த இரண்டு நிமிடத்தை டிரிப் ஏற்றுவதற்கு முன்னால் செலவழித்திருந்தால் என் அம்மாவுக்கு அந்த இரவு வந்திருக்காது.

கிளினிக்குக்குப் போகும்போது நாம் டாக்டரைச் சோதிப்பதில்லை, தேவையும் படுவதில்லை. வாசலில் போர்டு இருக்கும், காத்திருக்கும் நாலு பேர் இருப்பார்கள், பக்கத்து மெடிக்கல் கடைக்காரருக்கு அவரைத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வருபவரிடம் இது எதுவுமே இல்லை. கழுத்தில் தொங்குகிற ஸ்டெதஸ்கோப் ஒன்றுதான் சாட்சி, அதை யாரும் கடையில் வாங்கலாம். அதனால் போனிலேயே டாக்டரின் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கிளினிக்கிலும், எழுதித் தரும் சீட்டிலும், பணத்துக்குத் தரும் ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. உண்மையான டாக்டர் அரை நொடியில் சொல்லிவிடுவார். “யார் டியூட்டியோ அவங்க” என்ற பதில் வந்தால் வைத்துவிடுங்கள்.

அதே மாதிரி, ஊசி போடும் முன் குப்பியை வாங்கிப் பெயர் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். தர மறுத்தால் ஊசியே வேண்டாம் என்று சொல்லுங்கள். இதய நோயோ கிட்னி நோயோ இருப்பவருக்கு ‘தெம்புக்கு’ டிரிப் என்றால் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, வாய் கோணுவது, சுயநினைவு தப்புவது என்றால் வீட்டுக்கு டாக்டரைத் தேடவே கூடாது, நேராக 108தான்.

வீட்டுக்கு டாக்டர் வருவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு, தெரிந்தவர் மூலமாக ஒரு பெண் டாக்டர் வந்தார். முதலில் உட்கார்ந்து ஃபைல் முழுக்கப் படித்தார். இரண்டு கணுக்காலையும் விரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்த்தார். அம்மாவைப் புரட்டச் சொல்லி முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்தார். மாத்திரை டப்பாவைத் திறந்து, ஒரே மாத்திரை இரண்டு பெயரில் இருந்ததைக் கண்டுபிடித்து ஒன்றை நிறுத்தினார். முக்கால் மணி நேரம். ஊசி கிடையாது. 600 ரூபாய் வாங்கிக்கொண்டு பதிவு எண் அச்சடித்த ரசீது கொடுத்தார்.

இன்னொன்று, எனக்கே ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசுத் திட்டம். சர்க்கரை, பி.பி. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி தணிப்பு நர்ஸ் சேவையும் உண்டு. காசு கிடையாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். திடீர்க் காய்ச்சலுக்கு ராத்திரி ஓடிவரும் டாக்டர் இதில் கிடைக்கமாட்டார். ஆனால் மாதாமாதம் ஒருவர் வந்து பி.பி., சர்க்கரை பார்த்துவிட்டுப் போவதே எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது தெரிகிறது. சந்தேகம் கேட்க 104க்கும் போன் செய்யலாம்.

புகார் கொடுத்திருக்கிறேன். காவல் நிலையத்தில் ஒன்று, மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு ஒன்று. டிஸ்சார்ஜ் சம்மரி, குப்பிகளின் போட்டோ, பணம் போன விவரம், எல்லாம் இணைத்திருக்கிறேன். பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் ஒரு வருடம் வரை சிறையோ, 5 லட்சம் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ தண்டனை உண்டு. விசாரணை நடப்பதால் பெயரையும் நம்பரையும் இங்கே போடவில்லை.

மதுரையில் வேறு யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால், முக்கியமாக அந்த ‘எம்.டி.’ பக்கத்தில் பொடி எழுத்து இருக்கும் சீட்டு உங்கள் வீட்டில் இருந்தால், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். ஒரு ஆள் புகாரைவிட நாலு பேர் புகாருக்கு மதிப்பு அதிகம் என்று இன்ஸ்பெக்டரே சொன்னார். வர முடியாத பெரியவர்களாக இருந்தால் நானே உங்கள் வீட்டுக்கு வந்து எழுதி வாங்கிக்கொள்கிறேன்.