காகிதப் பையா, துணிப் பையா?

கடைக்குக் கொண்டுபோக நான் தேர்ந்தெடுத்தது துணிப் பை. அந்தச் சாய்வோடுதான் இதை எழுதுகிறேன்.

காகிதப் பையின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. மட்கிவிடும், சாக்கடையை அடைக்காது, கடல் ஆமையின் வயிற்றில் போய்ச் சிக்காது. எல்லாம் உண்மை. ஆனால் இவை அத்தனையும் பையைத் தூக்கிப் போட்ட பிறகு நடப்பவை. அது நம் கைக்கு வருவதற்கு முன் ஆன செலவு இந்தக் கணக்கில் வராது.

பழுப்புப் பைகள் பெரும்பாலும் கிராஃப்ட் காகிதம். மரச்சில்லுகளைச் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில் அழுத்தத்தோடு வேகவைத்து, நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னினைப் பிரிப்பார்கள். மரத்தில் ஏறக்குறையப் பாதிதான் கூழாகத் தேறும். பிரிந்து வரும் கருப்புத் திரவத்தை ஆலையிலேயே எரித்து ஆற்றல் எடுக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தண்ணீர் நிறையச் செலவாகும். போதாததற்கு எடை வேறு: மெல்லிய பிளாஸ்டிக் பை 8 கிராம் என்றால், அதே வேலையைச் செய்யும் காகிதப் பை 55 கிராம் வரை வரும். லாரியில் ஏற்றினாலே வித்தியாசம் தெரியும்.

துணிப் பையின் பிறப்பு இதைவிட மோசம், அதை மறைக்கப் போவதில்லை. பருத்திக்குத் தண்ணீர், உரம், பூச்சிமருந்து, அப்புறம் நூற்பு, நெசவு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாக, புவி வெப்பமாதல் கணக்கில், காகிதப் பையை 3 முறையும் பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும் என்கிறது அது. 131ஐப் பார்த்ததும் பலர் காகிதத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்.

நான் சாயாததற்குக் காரணம் அந்த 3 தான். காகிதப் பையை மூன்று முறை கடைக்குக் கொண்டுபோக முடிகிறதா? எனக்கு முடிந்ததில்லை. ஈரமான எதையாவது வைத்தால் அடி பிய்ந்துவிடும். கைப்பிடி ஒட்டிய இடம் முதல் பாரத்திலேயே தளரும். இரண்டாம் முறை அதை நம்பி எண்ணெய்ப் புட்டியை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆக, நடைமுறையில் அது ஒருமுறைப் பைதான். அப்படியானால் 131ஐ 3ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒரு துணிப் பையின் சுமை ஏறக்குறைய 44 காகிதப் பைகளுக்குச் சமம். வாரம் ஒருமுறை கடைக்குப் போகிறவருக்குப் பத்து மாதம். அதற்குப் பிறகு துணிப் பை போகும் ஒவ்வொரு முறையும் லாபம். நல்ல கனத் துணி என்றால் பல வருடம் உழைக்கும், கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். காகிதப் பையை இரண்டு முறை ஓட்டிவிடும் சாமர்த்தியசாலிக்கு இந்த 44, 88 ஆகும். அதுவும் எட்டாத எண் இல்லை.

வீட்டில் ஏழெட்டுத் துணிப் பைகள் சேர்ந்துவிட்டால் இந்தக் கணக்கே கவிழும். விழாவுக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று என்று இலவசமாக வந்து அலமாரியில் தூங்கும் பையை விடக் காகிதப் பை எவ்வளவோ மேல்.

பருத்திப் பையை 7,100 முறை பயன்படுத்த வேண்டும் என்று இணையத்தில் சுற்றும் எண்ணையும் பார்த்திருப்பீர்கள். 2018இல் டென்மார்க் அரசு வெளியிட்ட ஆய்வில் வந்தது அது. பல அளவுகோல்களில் பருத்திக்கு மிக மோசமாக அமைந்ததை, அதாவது ஓசோன் படலச் சிதைவை, வைத்துச் சொன்னது. அதே ஆய்வில் காலநிலையை மட்டும் பார்த்தால் 52 முறைதான். தெருவிலும் கடலிலும் குப்பையாகக் கிடப்பதன் கேட்டை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் பிளாஸ்டிக் இவ்வளவு நல்ல பிள்ளையாகத் தெரிந்திருக்காது.

சலவை பற்றி ஒரு வார்த்தை. நான் பையை மற்றத் துணிகளோடு சேர்த்தே துவைக்கிறேன், அதனால் தனிச் செலவு பெரிதாக இல்லை. ஒவ்வொரு முறையும் சுடுநீரில் தனியாக இயந்திரத்தில் போடுகிறவர்களின் கணக்கு வேறாக இருக்கும். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன தடித்த பையை நான் அதிக நாள் வைத்துப் பார்த்ததில்லை. பிரிட்டன் ஆய்வின்படி அதற்கு 11 முறை போதும், ஆகவே ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் துணிப் பை வாங்க ஓட வேண்டாம்.

காகிதப் பையே கைக்கு வந்துவிட்டால், அதைக் குப்பைமேட்டுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். காற்றுப் புகாத குவியலுக்குள் காகிதம் மட்கும்போது மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கிழித்து உரக்குழியில் போடலாம், இல்லையென்றால் பழைய காகிதத்தோடு சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். உள்ளே பளபளவென்று பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் உரக்குழிக்கும் ஆகாது, பல இடங்களில் மறுசுழற்சிக்கும் எடுக்க மாட்டார்கள்.