பாண்டி பெரிய ஷோரூம்ல லட்ச ரூபா ஸ்பீக்கர்: பொருள் சரி, கேக்கத்தான் இடமில்ல

ஊருக்கு ஊர் கிளை வச்சிருக்கிற ஒரு பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடை, பேரு வேணாம், பாண்டி கிளைல டிவி செக்‌ஷன ஒட்டி ஒரு மூலைய ஒதுக்கி பிரீமியம் ஆடியோன்னு போர்டு மாட்டிருக்காங்க. தரைல நிக்கிற உசரமான டவர் ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்கெல்லாம் பவர் குடுக்கிற ஏவி ரிசீவர், அடி சத்தத்துக்குன்னே இருக்கிற சப்வூஃபர்னு எல்லாம் இருக்கு. முன்னாடிலாம் கடலூர்ல இருக்கிற எங்கள மாதிரி ஆளுங்க இதுக்குன்னே மெட்ராஸ் பஸ் ஏறணும், ரிச்சி தெருவுல அலையணும், இல்ல டீலருக்கு போன் பண்ணி டைம் கேட்டுட்டு போகணும். இப்ப ஃப்ரிட்ஜ் வாங்கற கடைலயே கிடைக்குதுன்னா சந்தோசமான விஷயம்தான், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல.

விலையும் சரியாத்தான் சொல்றாங்க. ஒழுங்கா பில்லு, கம்பெனி வாரண்டி, வட்டியில்லா இஎம்ஐ, கடலூர் வரைக்கும் டெலிவரி. பொருள் ஒரிஜினலான்னு பயப்படவே வேணாம்.

ஆனா கேக்கணும்ல? லட்ச ரூபாய்க்கு மேல குடுத்து ஸ்பீக்கர் வாங்கறவன் காதால கேட்டுத்தான வாங்குவான், அந்த எடத்துலதான் இந்தக் கடை மொத்தமா கோட்ட விடுது. கீழ பூரா டைல்ஸ், முன்னாடி பூரா கண்ணாடி, தலைக்கு மேல ஏசி, பத்தடி தள்ளி வரிசையா டிவில கிரிக்கெட் ஓடுது. ஸ்பீக்கர செவுத்தோட ஒட்டி வச்சிருக்காங்க, அப்படி வச்சா பேஸ், அதாவது அடி சத்தம், கூடிப்போய் குழம்பும், கொஞ்சமாச்சும் முன்னாடி இழுத்து வைக்கணும். பாட்டு போட்டது போன்ல இருந்து ப்ளூடூத்ல.

நான் கேட்டது ஒரு கச்சேரி ரெக்கார்டிங், குரல், வயலின், மிருதங்கம் மட்டும். ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல நின்னா குரல் நேரா நடுவுல இருந்து வரணும், ஆனா அது எங்க இருந்து வருதுன்னே பிடிபடல, மிருதங்கத்துல வலது பக்கம் வலந்தலை டிங்குன்னு கேக்குது, இடது பக்கம் தொப்பியோட அடி சத்தம் சுத்தமா காணோம். பின்னாடி குனிஞ்சு பாத்தா வலது ஸ்பீக்கர்ல சிவப்புல சொருக வேண்டிய ஒயர கறுப்புல சொருகிருக்காங்க. அப்படி மாறிப்போனா ஒரு ஸ்பீக்கர்ல அதிர்ந்து சத்தம் எழுப்புற கோன் முன்னாடி வரும்போது இன்னொண்ணு பின்னாடி போகும், பேஸ் ஒண்ண ஒண்ணு அடிச்சி காலி பண்ணிடும். மாத்தி சொருகலாமா தம்பின்னு கேட்டேன், சேல்ஸ் தம்பி உடனே ஆம்ப்ளிஃபயர ஆஃப் பண்ணிட்டு அவரே மாத்தினாரு. அடுத்த நிமிஷம் தொப்பி கும்னு விழுது, குரல் நடுவுல வந்து நிக்குது. "சார் இதே ஸ்பீக்கரா சார்"ன்னு கேட்டாரு. நல்ல பையன், ஆர்வமாவும் இருக்காரு, ஆனா அவர டிவி விக்கத்தான் எடுத்திருக்காங்க, இத யாரும் சொல்லித்தரல. சொல்லித்தராத நிர்வாகத்து மேலதான் எனக்கு கோவம். அந்த ஜோடி எவ்ளோ நாளா அப்படியே ஓடுச்சோ, எத்தன பேரு கேட்டுட்டு இவ்ளோதானான்னு போனாங்களோ, நல்ல ஸ்பீக்கருக்கு கெட்ட பேரு.

இன்னொண்ணு, பக்கத்துலயே சவுண்ட்பார், டிவிக்கு கீழ வைக்கிற நீள ஸ்பீக்கர், இருக்கு, அத ஃபுல் சத்தத்துல வச்சி இது பாருங்கன்றாங்க. ரெண்டு பொருள்ல ஒரே பாட்ட போட்டா கொஞ்சம் சத்தமா இருக்கிறதுதான் நல்லா இருக்கிற மாதிரி தோணும், யார் காதா இருந்தாலும் அப்படித்தான், அதனால வால்யூம சமமா வச்சிட்டுத்தான் ஒப்பிடணும். போர்டுல வாட்ஸ் மட்டும் பெருசா எழுதி வச்சிருக்கிறதும் அதே கத. 100 வாட்ஸ 200 ஆக்கினா கூடறது வெறும் 3 டெசிபல், காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா கிட்டத்தட்ட பத்து மடங்கு பவர் வேணும். ஸ்பீக்கரோட சென்சிட்டிவிட்டி, அதாவது குடுக்கிற பவருக்கு எவ்ளோ சத்தம் வரும்ன்ற கணக்கு, எவ்ளோன்னு கேட்டேன், போர்டுலயும் இல்ல, கடைல யாருக்கும் தெரியல.

பெரிய கடைல ஒழுங்கா கேக்க தனி ரூமெல்லாம் நடக்காத காரியம்னு சொல்லாதீங்க. அமெரிக்கால பெஸ்ட் பைன்னு இதே மாதிரி வாஷிங் மெஷின் விக்கிற கடை, 2000ல சியாட்டில் பக்கம் இருந்த மேக்னோலியா ஹைஃபைன்ற கடைங்கள வாங்கி, அப்புறம் தன்னோட ஸ்டோருக்குள்ளயே அந்த பேர்ல தனி ரூம் கட்டி சோஃபா போட்டு இதுக்குன்னு ஆள் வச்சி வித்தாங்க. நம்ம ஊருக்கும் இது தேவப்படும்னுதான் நினைக்கிறேன், ஏன்னா ஜேபிஎல் ஸ்பீக்கர் பண்ற ஹர்மன் கம்பெனி 2017லயே சாம்சங் கைக்கு போயிடுச்சி, அதே ஹர்மன் 2025ல டெனான், மராண்ட்ஸ், போல்க், பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ்னு பெரிய ஆடியோ பிராண்டுங்க எல்லாத்தையும் வாங்கிடுச்சி. டிவி விக்கிற கம்பெனி கைலயே இவ்ளோ பேரும் இருக்கும்போது டிவி கடைக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும்.

நம்ம பக்கம் வாங்கறவங்க இன்னொண்ணும் கவனிங்க, கடல் காத்து. ஒயர் முனைல செம்பு பச்ச பூத்துடும், அதனால ஒயர் முனைல மாட்டி ஸ்பீக்கர்ல சொருகற பனானா ப்ளக், கோல்ட் ப்ளேட்டட் வாங்கி போட்டுக்கங்க. கோன சுத்தி இருக்கிறது ஃபோமா ரப்பரான்னும் கேளுங்க, ஈரக்காத்துல ஃபோம் சீக்கிரம் பொடிஞ்சிடும். சர்வீஸ் எங்கன்னு கேட்டேன், மெட்ராஸ் அனுப்பணுமாம், டவர் ஸ்பீக்கர் வெயிட்டுக்கு யார் தூக்கிட்டு போறது, பாதி வழி செலவாச்சும் கடை ஏத்துக்கணும்.

சவுண்ட்பார் வேணும்னா தாராளமா இங்க வாங்கலாம், டிவி சத்தத்த சவுண்ட்பாருக்கு அனுப்பற ஹெச்டிஎம்ஐ போர்ட் புது வகையான இஏஆர்சியான்னு மட்டும் பாத்துக்கங்க, வெறும் ஏஆர்சின்னா, அதாவது பழைய வகைன்னா, ட்ரூஹெச்டின்ற தரம் குறையாத டால்பி சத்தம் வராது. டவர் ஸ்பீக்கருக்கு இப்போதைக்கு என் ஓட்டு இல்ல. மேனேஜர்கிட்ட மாடில சும்மா கெடக்கிற ரூம காட்டி, கதவு போட்டு கார்ப்பெட், கர்ட்டன், ரெண்டு நாற்காலி போடுங்க சார், போதும்னு சொன்னேன், மேலிடத்துல கேக்கணும்னாரு. அது வரைக்கும் போறவங்க வாரநாள்ல கட தொறந்த உடனே போங்க, பழகின பாட்ட பென்ட்ரைவ்ல எடுத்துட்டு போங்க, பக்கத்து டிவிங்கள மியூட் பண்ணச் சொல்லுங்க, கேட்டா பண்றாங்க.