ஃப்ளோரா ஃபவுண்டனா, ஏழு கிணறா?

மும்பையிலிருந்து வந்த சித்தி மகன், "அண்ணே, ஃப்ளோரா ஃபவுண்டன் மாதிரி உங்க வடசென்னையில ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். தண்ணீர் லாரிக்காக வாசலில் வரிசை கட்டியிருந்த பச்சை, ஆரஞ்சுக் குடங்களைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தான். ஏழு கிணறு இருக்கே என்றேன். சிரித்தான்.

அழகில் போட்டியே இல்லை. ஃப்ளோரா 1864-இல் எழுந்தது. போர்ட்லண்ட் கல், ஜேம்ஸ் ஃபோர்சித்தின் உளி, உச்சியில் ரோமானியர்களின் பூ தேவதை. பைகுல்லா தோட்டத்துக்கென்று நினைத்ததை, பழைய கோட்டையின் சர்ச் கேட் நின்ற இடத்தில் வைத்துவிட்டார்கள். நடுவில் பல ஆண்டுகள் வறண்டு கிடந்து, பழுதுபார்த்து, 2019-இல்தான் மறுபடி தண்ணீர் வந்தது. (எங்கள் தெருக் குழாய்க்குச் சொந்தம் போல.)

நம் பக்கம் சிலையும் இல்லை, தேவதையும் இல்லை. 1772-இல் கேப்டன் பேக்கரின் திட்டப்படி வெட்டிய கிணறுகள். தண்ணீர் போனது புனித ஜார்ஜ் கோட்டைக்கு. கிணறு இங்கே, குடித்தது கோட்டைக்காரர்கள்! அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் கடுப்புதான். ஆனாலும் ஃப்ளோராவைவிட 92 வயது மூத்தது. அப்புறம், வள்ளலார் வாழ்ந்த வீடும் ஏழு கிணற்றில்தான்.

பெயர் விஷயத்தில் இரண்டும் ஒன்று. அங்கே சதுக்கத்தை ஹுதாத்மா சௌக் ஆக்கியும் ஜனங்கள் ஃபவுண்டன் என்கிறார்கள். இங்கே கிணற்றைக் கண்ணால் பார்க்காதவரும் ஆட்டோவில் ஏறி, "ஏழு கிணறு போப்பா" என்கிறார்.

செல்ஃபிக்கு ஃப்ளோராதான், சரி. மறுநாள் நான் தம்பியைக் கூட்டிப்போனது ஏழு கிணற்றுக்கு. வழியில் சௌகார்பேட்டையில் சூடான ஜிலேபி.