குவார்–போரேட் ஜெல்: எந்தக் கிணற்றுக்குச் சரி?

எண்ணெய்க் கிணற்றில் பாறையைப் பிளந்து, விரிசலுக்குள் மணலைச் சுமந்து செல்ல குவார்–போரேட் ஜெல்லுக்கே என் முதல் ஓட்டு. குவார் என்பது நம் கொத்தவரை விதையின் பசைதான். இந்தியாவில் பெரும்பகுதி ராஜஸ்தானில் விளைகிறது.

1,000 லிட்டர் நீருக்கு 2.5 முதல் 4.8 கிலோ பொடி. பிஹெச் 7-ஐத் தாண்டாத நீரில் தூவுங்கள். காரம் ஏறிய நீரில் சரியாக ஊறாது. மொத்தமாகக் கொட்டினால் மேலே வழவழப்பு, உள்ளே உலர்ந்த மாவு எனக் கட்டி தட்டிவிடும். நன்றாக ஊறிய பிறகே பிஹெச்சை 9.5–11க்கு ஏற்றி, குவார் இழைகளைப் பிணைத்து ஜெல்லாக இறுக்கும் போரான் உப்பான போரேட்டைச் சேர்க்க வேண்டும். கோப்பையைச் சாய்த்தால் ஜெல் நாக்குப் போல விளிம்பில் தொங்கும். நிமிர்த்தினால் உள்ளே திரும்பிவிட வேண்டும். அதுதான் சரியான பதம். கிணற்றிலிருந்து வந்த நீரையே மறுபடி பயன்படுத்தினால் போரானை முதலில் சோதியுங்கள். அது இருந்தால் ஜெல் முன்கூட்டியே இறுகி, குழாயில் உராய்வு அழுத்தம் எகிறும்.

பெரிய குறை, எச்சம். சாதாரண குவாரில் எடையில் 6–10% கரையாமல் தங்கி மணல் இடுக்குகளை அடைக்கிறது. வேலை முடிந்ததும் ஜெல்லை உடைத்து நீர்த்துப்போகச் செய்யும் அமோனியம் பெர்சல்ஃபேட்டும் 50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மந்தம். அங்கே என்சைம்தான் கைகொடுக்கும். எளிதில் நொறுங்கும் ஷேல் எனும் களிமண் படிவுப் பாறைக்கு இந்த ஜெல் வேண்டாம், உராய்வைக் குறைக்கும் பாலிஅக்ரிலமைடு கலந்த வழுவழு நீரான ஸ்லிக்வாட்டரே போதும்.