டிராவல் டிரெய்லரை உயர்த்திப் பெரிய டயர் போட்ட பிறகு: சில வருட அனுபவம்

எங்களுடையது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும், உள்ளே தங்கும் வசதியுள்ள டிரெய்லர்; சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் தண்டு இதில் இரண்டு. வாங்கியபோது ஸ்பிரிங் பட்டைகள் ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தன, அதனால் வண்டி தரையை ஒட்டித்தான் நிற்கும். சரிவான பாதையிலிருந்து மேடேறினால் பின்பக்கம் உரசும். முதல் அடி கழிவுநீர்க் குழாய்க்கு. வண்டியை உயர்த்தி, டயரையும் மாற்றிச் சில வருடங்கள் ஆகிவிட்டன.

பெரிய டயர் போட்டாலே வண்டி நன்றாக உயர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 205/75 ஆர்14 டயரிலிருந்து 225/75 ஆர்15 டயருக்குப் போனால் விட்டம் சுமார் 663 மி.மீ.யிலிருந்து 718 மி.மீ. ஆகிறது. வண்டி உயர்வது அதில் பாதி, அதாவது ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. மீதி உயரமெல்லாம் ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே கொண்டுவந்ததில் கிடைத்ததுதான். எங்களுக்கு ஏறத்தாழ 5 அங்குலம். இதற்காக ஆக்ஸிலையே தலைகீழாகத் திருப்பிவிடக் கூடாது. சுமை ஏறும்போது சக்கரம் நேராக நிற்கட்டும் என்று பல ஆக்ஸில்களின் நடுப்பகுதியை லேசாக மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். அதைக் கவிழ்த்தால் டயரின் உள்ஓரம் தேய்ந்துபோகும். ஸ்பிரிங் உட்காரும் இருக்கையை ஆக்ஸிலின் மேற்பக்கம் புதிதாக வெல்டிங் செய்வதுதான் முறை.

பெரிய டயரால் வந்த உண்மையான லாபம் உயரம் அல்ல, தாங்கும் திறன். டயர் தாங்கும் சுமையை ஆங்கில எழுத்தால் ரகம் பிரிப்பார்கள். பழைய சி ரக டயர் ஒன்று 50 பி.எஸ்.ஐ. காற்றில் சுமார் 800 கிலோ தாங்கும். புதிய டி ரகம் 65 பி.எஸ்.ஐ.யில் சுமார் 1,150 கிலோ. கோடை வெயிலில் நெடுஞ்சாலையில் போகும்போது இந்த இடைவெளி மனதுக்கு நிம்மதி. அதற்காகக் கூடுதல் சாமான் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. ஆக்ஸிலும் வண்டியின் அடிச்சட்டமும் பழையவைதானே! ரிம்மும் அந்தக் காற்றழுத்தத்தைத் தாங்கும் என்று அதன் மேலேயே அடித்திருக்க வேண்டும். இரண்டு டயர்களுக்கு நடுவிலும் மட்கார்டுக்கு அடியிலும் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதை டயர் வாங்கும் முன்பே அளந்து பாருங்கள். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கும் தூரத்தையும் சேர்த்து.

அதிக நேரம் பிடித்தது ஹிட்ச் வேலை, அதாவது இழுக்கும் வண்டியோடு டிரெய்லரை இணைக்கும் கொக்கி அமைப்பு. டிரெய்லர் மொத்தம் 6 அங்குலம் ஏறியதும், அதை மாட்டும் இரும்புப் பந்து பழைய உயரத்திலேயே இருந்தால் முன்பக்கம் குனிந்து நிற்கும், முன் ஆக்ஸில் மேல் பாரம் சாயும். சரிசெய்கிறேன் என்று பந்தை அதிகமாக ஏற்றி முன்பக்கத்தைத் தூக்கினால் அது இன்னும் மோசம்: ஹிட்ச் மேல் விழும் எடை குறைந்து, வால் ஆட ஆரம்பிக்கும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் விழ வேண்டும். நாங்கள் ஹிட்ச் தண்டைத் திருப்பி மாட்டி, பந்தின் மேல் விழும் எடையை மற்ற ஆக்ஸில்களுக்கும் பகிரும் கம்பிகளை முதலிலிருந்து சரிசெய்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி எடை மேடையில் பார்த்த பிறகுதான் பயணம் கிளம்பினோம்.

ஓட்டும்போது தெரிகிற வித்தியாசம் இரண்டு. பக்கவாட்டுக் காற்று முன்பைவிட அதிகமாகத் தள்ளுகிறது. பிரேக் கொஞ்சம் மந்தம். டயர் பெரிதானதால் அதே பிரேக்குக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை கிட்டத்தட்ட 8 சதவீதம் குறைகிறது. டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கண்ட்ரோலரில் கெயினை (பிரேக் பிடிக்கும் அளவை) கூட்டி ஓரளவு சமாளிக்கிறோம், ஆனால் இறக்கத்தில் முன்னே போகும் வண்டியோடு இடைவெளியை அதிகமாகவே விடுகிறேன்.

முகாமில் தினமும் உறுத்துவது படிக்கட்டு. கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவே இன்னொரு படி தேவைப்படுகிறது, வயதானவர்கள் வந்தால் இது பெரிய விஷயம். மூலை ஜாக்கிகளுக்கு அடியிலும் மரக்கட்டை வைத்தாக வேண்டும். கூரை ஏ.சி.யோடு சேர்த்துப் புது உயரத்தை அளந்து ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருக்கிறோம். அப்புறம் ஸ்டெப்னி: அதையும் புது அளவிலேயே வாங்க வேண்டும். எங்களுக்குப் பழைய தாங்கியில் அது அடங்கவில்லை, தாங்கியையும் மாற்ற வேண்டியதாயிற்று.