ராசியில் ஏழு, பாவகத்தில் ஆறு: எந்தக் கட்டத்தை வைத்துப் பலன் பார்ப்பது?

கணினியில் எடுத்த ஜாதகத்தில் ராசி, நவாம்சம் இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கும்: பாவக சக்கரம். ராசியில் ஏழில் நிற்கும் செவ்வாய் அங்கே ஆறில் நிற்பது கண்ணில் படும்வரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பட்ட பிறகு குழப்பம்தான். ஒரு ஜோதிடர் களத்திர (துணை) ஸ்தானமான ஏழில் செவ்வாய் என்பார், இன்னொருவர் ஆறில் செவ்வாய், எதிரியை ஜெயிப்பார் என்பார். இருவர் கணக்கும் சரியாகவே இருக்கலாம். ஒரு வீடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் அவர்களுக்குள் வேறுபாடு.

(பாவம் என்றும் எழுதுவார்கள். ‘ஐயோ பாவம்’ குறுக்கே வராமலிருக்க இங்கே பாவகம்.)

பன்னிரண்டு வீடுகளின் காரகங்களில் பெரிய சண்டை கிடையாது. லக்னம் உடலும் சுபாவமும். இரண்டு தனம், வாக்கு, குடும்பம். மூன்று தைரியம், இளைய சகோதரம். நான்கு தாய், மனை, வாகனம். ஐந்து புத்திரம், பூர்வ புண்ணியம். ஆறு கடன், நோய், எதிரி. ஏழு துணை, கூட்டு வியாபாரம். எட்டு ஆயுள், பெண்ணுக்கு மாங்கல்யம். ஒன்பது பாக்கியம், தந்தை (வடக்கே பலர் தந்தையைப் பத்தில் பார்ப்பார்கள்). பத்து தொழில், பதினொன்று லாபமும் மூத்த சகோதரமும், பன்னிரண்டு விரயம், அயன சயனம் (உறக்கம்). வேலி எங்கே என்பதற்குத்தான் மூன்று விடைகள் இருக்கின்றன.

முதல் விடை ராசிக் கட்டமே. லக்னப் புள்ளி (பிறந்த நேரத்தில் கீழ்வானில் உதிக்கும் பாகை) கடகத்தில் 1 பாகையில் விழுந்தாலும் 29-இல் விழுந்தாலும் கடகம் முழுவதும் முதல் வீடு, சிம்மம் முழுவதும் இரண்டாம் வீடு. நோட்டில் கையால் எழுதிய ஜாதகங்கள் அனேகமாக இந்த வகைதான்.

இரண்டாவது ஸ்ரீபதி முறை, 11ஆம் நூற்றாண்டு வானியலாளர் ஸ்ரீபதியின் பெயரில் வழங்குவது. லக்னப் புள்ளியையும் உச்சிப் புள்ளியையும் (அந்நேரம் நடுவானைக் கடக்கும் பாகை) எடுத்து, இடையிலுள்ள வில்லை மூன்றாகப் பிரிக்க வேண்டும். கிடைக்கும் புள்ளிகள் பாவக மத்தியங்கள், அதாவது வீட்டின் நடு. அடுத்தடுத்த இரண்டு மத்தியங்களுக்கு நடுவில் வருவது பாவக சந்தி, அதுதான் வேலி. கிரகம் மத்தியத்தில் நின்றால் அந்த வீட்டுப் பலன் முழுதாக வரும், சந்தியை நெருங்க நெருங்கக் குறையும் என்பது இந்த முறையின் அடிப்படை.

மூன்றாவது கே.பி. (கிருஷ்ணமூர்த்தி பத்ததி) முறை, 20ஆம் நூற்றாண்டில் கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி வகுத்தது. வீடுகளைப் பிரிக்க 17ஆம் நூற்றாண்டு இத்தாலியத் துறவி பிளாசிடஸின் கணக்கை எடுத்துக்கொள்கிறது. இங்கே லக்னப் புள்ளி வீட்டின் நடு இல்லை, வாசல்படி. வீடு அங்கேதான் தொடங்கும். ஸ்ரீபதிக்கும் கே.பி.க்கும் அடிப்படை வித்தியாசமே இதுதான். மென்பொருளை மாற்றி ஓட்டும்போது பலர் சறுக்குவதும் இங்கேதான்.

சென்னையில் பிறந்த ஒருவருக்கு லக்னம் கடகம் 26 பாகை என்று வைத்துக்கொள்வோம். லஹிரி அயனாம்சப்படி (மேஷத்தின் தொடக்கத்தை நிர்ணயிக்கும் திருத்தக் கணக்கு) உச்சி மேஷம் 27 பாகையையொட்டி வரும். இடையே ஏறத்தாழ 89 பாகை. ஆகவே இந்த வில்லிலும் இதற்கு நேரெதிர் வில்லிலும் வீடுகள் 29½ பாகை, மற்ற இரண்டிலும் 30½ பாகைக்குச் சற்றுக் குறைவு. ஏழாம் பாவக மத்தியம் மகரம் 26. ஆறுக்கும் ஏழுக்கும் இடைச் சந்தி மகரம் 11-ஐத் தாண்டி, ஏழுக்கும் எட்டுக்கும் இடைச் சந்தி கும்பம் 11-ஐத் தாண்டி. இப்போது செவ்வாயை நகர்த்திப் பாருங்கள்.

செவ்வாய் மகரம் 6 பாகை: ராசியில் 7, ஸ்ரீபதியில் 6, கே.பி.யில் 6.
செவ்வாய் மகரம் 20 பாகை: ராசியில் 7, ஸ்ரீபதியில் 7, கே.பி.யில் 6.
செவ்வாய் கும்பம் 5 பாகை: ராசியில் 8, ஸ்ரீபதியில் 7, கே.பி.யில் 7.

லக்னப் புள்ளி ராசியின் கடைசியில் இருப்பதால்தான் இவ்வளவு ஆட்டம். புள்ளி 15 பாகையை ஒட்டியிருந்தால், நம் ஊர் அட்சரேகையில் ராசியும் ஸ்ரீபதியும் பெரும்பாலும் ஒத்துப்போகும். கே.பி. அப்போதும் பாதி ராசி தள்ளியே நிற்கும். லக்னம் 1 பாகையில் இருந்தால் நிலைமை தலைகீழ்: கே.பி.யும் ராசிக் கட்டமும் கைகோத்துக்கொள்ளும், ஸ்ரீபதி தனித்து நிற்கும்.

மகரம் 6-இல் நிற்கும் செவ்வாயை எப்படிப் படிப்பது? அவர் உச்சம். கடக லக்னத்துக்கு ஐந்துக்கும் பத்துக்கும் உடையவர், ஆகவே யோககாரகர் (சிறப்பான பலன் தருபவர்). ராசியில் கேந்திரத்தில் (1, 4, 7, 10 வீடுகள்) உச்சம், ஆக ருசக யோகம் (செவ்வாயால் வரும் சிறப்பு யோகம்). பாவகத்தில் ஆறுக்குப் போய்விட்டார் என்று உச்சத்தையும் ஆதிபத்தியத்தையும் யோகத்தையும் சேர்த்துத் தூக்கி எறிபவர்கள் உண்டு. அது பிழை. பாவக சக்கரத்தில் செவ்வாய் தனுசுக் கட்டத்தில் அச்சாகியிருப்பார், ஆனால் அவர் தனுசுக்குப் போகவில்லை. வானத்தில் மகரத்தில்தான் இருக்கிறார். அந்தச் சக்கரத்தில் கட்டங்கள் ராசிகள் இல்லை, வரிசை எண்கள் மட்டுமே. உச்சம், நீசம், ஆட்சி, சேர்க்கை, பார்வை எல்லாவற்றையும் ராசியில் பார்த்து முடித்துவிட்டு, அந்த வலு எந்தத் துறையில் செலவாகும் என்பதற்கு மட்டும் பாவகத்தைத் தொடுவதே ஒழுங்கான வழி.

அளவும் உண்டு. மகரம் 6-க்கும் சந்திக்கும் இடையே 5 பாகைக்குச் சற்று மேல். அரை வீட்டின் நீளம் 14.8 பாகை. வகுத்தால் 35 விழுக்காடு: ஆறாம் வீட்டுப் பலனில் மூன்றில் ஒரு பங்கு. மகரம் 20-இல் நின்றிருந்தால் ஏழாம் வீட்டுக்கு 60 விழுக்காடு. ‘ஆறுக்குப் போய்விட்டார்’ என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்தக் கழித்தல் கணக்கைப் போடுவதேயில்லை. சந்தியிலிருந்து 1 பாகைக்குள் நிற்கும் கிரகத்தை எந்த வீட்டுக்கும் உறுதியாக எழுத முடியாது.

செவ்வாய் தோஷம் பார்ப்பவர்கள் வேறொரு தவறு செய்கிறார்கள். 2, 4, 7, 8, 12-இல் செவ்வாய் நின்றால் தோஷம் என்ற கணக்கை லக்னம், சந்திரன், சுக்கிரன் மூன்றிலிருந்தும் எண்ணுவது வழக்கம். லக்னத்திலிருந்து மட்டும் பாவகப்படி எண்ணிவிட்டு, மற்ற இரண்டிலிருந்தும் ராசிப்படி எண்ணினால் ஒரே துணியை முழத்திலும் கஜத்திலும் மாற்றி மாற்றி அளப்பது போலாகும். தோஷம், கோசாரம் (கிரகங்களின் நடப்பு நகர்வு), அஷ்டவர்க்கம் (ராசிக்கு ராசி பரல் போடும் கணக்கு) மூன்றும் ராசியை வைத்து எழுதிய விதிகள். அவற்றை ராசியிலேயே முடிப்பது நல்லது.

கே.பி.யில் வேலி மட்டுமல்ல, வீடுகளைப் பார்க்கும் பார்வையே வேறு. பராசர (மரபு) வழியில் ஆறு துர்ஸ்தானம், அதாவது கெட்ட வீடு. கே.பி.யில் வேலைக்கு 2, 6, 10, 11 வேண்டும், அதாவது உத்தியோகத்துக்கு ஆறு நல்ல வீடு. அதே ஆறு ஏழுக்குப் பன்னிரண்டாக அமைவதால் திருமணத்துக்குப் பகை. திருமணத்துக்கு 2, 7, 11. எந்த வீடும் எப்போதும் நல்லது, எப்போதும் கெட்டது என்று அங்கே கிடையாது. கேள்வியைப் பொறுத்து மாறும். உச்ச நீசத்துக்கும் அங்கே பெரிய மரியாதை இல்லை. கிரகம் நின்ற நட்சத்திரத்தின் அதிபதியும், வீட்டு முனையின் (வீடு தொடங்கும் பாகையின்) உப நட்சத்திர அதிபதியுமே (நட்சத்திரத்தை ஒன்பதாகப் பிரித்ததில் அந்தப் பங்குக்கு உரியவர்) முடிவு சொல்கிறார்கள்.

கே.பி.யின் கூர்மையும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நம் உதாரணத்தில் ஏழாம் முனை மகரம் 26°00'. நட்சத்திரம் அவிட்டம். அதில் 24°06'40" முதல் 26°06'40" வரை ராகு உபம், அதன் பின் குரு. கே.பி. அயனாம்சம் லஹிரியைவிட ஏறத்தாழ 6 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) குறைவு, ஆகவே முனை 26°06'-க்கு நகர்ந்து குருவின் வாசலைத் தொட்டு நிற்கும். லக்னம் சராசரியாக 4 நிமிடத்துக்கு 1 பாகை நகர்கிறது, ஒரு நிமிடத்துக்குக் கால் பாகை. பிறந்த நேரம் ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் உபம் ராகு இல்லை, குரு. திருமணப் பலன் முழுவதும் மாறிவிடும். 10.30 என்று முழுசாகச் சொல்லப்பட்ட நேரத்தை வைத்துக்கொண்டு உப அதிபதி வரை போவது மணல்மேல் கட்டும் கட்டடம். ராசிக் கட்டமோ, லக்னம் ராசி விளிம்பில் இல்லாதவரை, கால் மணி நேரப் பிழையையும் தாங்கும். ஸ்ரீபதியில் அதே கால் மணி நேரம் சந்தியை 4 பாகை வரை நகர்த்திவிடும்.

பழைய நோட்டு ஜாதகத்தில் லக்னப் பாகை இருக்காது. நவாம்ச லக்னம் இருந்தால் ஓரளவு மீட்கலாம். ஒரு நவாம்சம் (ராசியில் ஒன்பதில் ஒரு பங்கு) 3°20'. கடக லக்னத்துக்கு நவாம்ச லக்னம் கும்பம் என்று எழுதியிருந்தால், அது எட்டாவது பங்கு, அதாவது லக்னம் 23°20'-க்கும் 26°40'-க்கும் இடையே. ராசிக் கடைசி, சந்தி 8-லிருந்து 12 பாகைக்குள் எங்கோ விழும் என்று இதிலேயே தெரிந்துவிடும். உதயாதி நாழிகையும் (சூரிய உதயத்திலிருந்து பிறப்பு வரையான நேரம்) இருந்தால் இன்னும் கிட்டே போகலாம்: 1 நாழிகை 24 நிமிடம், சராசரியாக 6 பாகை.

இதுவரை சொன்னது சென்னைக் கணக்கு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளின் ஜாதகத்தில் மூன்று முறைகளும் பாரதூரமாக விலகிவிடும். தனுசு 18 பாகை லக்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் உச்சி கன்னி 26, ராசிப்படியும் அதுவே பத்தாம் வீடு. நார்வேயின் ஆஸ்லோவில் அதே லக்னத்துக்கு உச்சி விருச்சிகம் 8-இல் விழுகிறது. பத்தாம் பாவக மத்தியம் ராசிக் கட்டத்தின் பன்னிரண்டாம் வீட்டில்! ஸ்ரீபதி போட்டால் பத்து, பதினொன்று இரண்டின் மத்தியமும் விருச்சிகத்திலேயே விழும். லக்னத்திலிருந்து அடுத்த மத்தியம் 46½ பாகை தள்ளிக் கும்பத்தில், நடுவிலுள்ள மகரத்துக்கு மத்தியமே கிடையாது. மேஷம், கடகம், துலாமுக்கும் அதே கதி. அங்கே அந்த லக்னத்திலிருந்து நான்கு மணி நேரத்தில் ரிஷபம் 23 வரை உதயமாகிவிடும். சென்னையில் அதே நேரத்தில் இரண்டு ராசிதான் நகரும்.

66½ பாகை அட்சரேகைக்கு மேல், வட நார்வேயின் ட்ரோம்ஸோ போன்ற ஊர்களில், பிளாசிடஸ் கணக்கே விழுந்துவிடும். சில பாகைகள் அங்கே உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை, ஆகவே பிரிக்க வில் கிடைக்காது. மென்பொருள் ஏதோ ஓர் எண்ணை அச்சடித்துத் தந்தாலும் அதை நம்பக் கூடாது. வட ஐரோப்பியப் பிறப்புகளுக்கு ராசிக் கட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து. மிஞ்சிப்போனால் லக்னப் பாகையை நடுவாக வைத்து இருபுறமும் 15 பாகை எடுக்கும் சம பாவகம் பார்க்கலாம்.

கையிலிருக்கும் அச்சு எந்த முறை என்று அறிய, பாவகப் பாகை அட்டவணையைத் தேடுங்கள். ஆரம்பம், மத்தியம், அந்தம் என்று மூன்று நிரல்கள் இருந்து, முதல் வீட்டு மத்தியம் லக்னப் பாகையோடு ஒத்து, வீட்டுக்கு வீடு நீளம் மாறினால் ஸ்ரீபதி. எல்லாம் சரியாக 30 பாகை என்றால் சம பாவகம். முதல் வீட்டு ஆரம்பமே லக்னப் பாகை, அயனாம்சமும் லஹிரியைவிடச் சில கலை குறைவு என்றால் கே.பி. நிரல் தலைப்பே இல்லாமல் பன்னிரண்டு பாகைகள் மட்டும் இருந்தால், அவை ஆரம்பமா மத்தியமா என்று மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் பார்த்துவிட்டு அப்புறம் கிரகத்தை நகர்த்துங்கள்.