கை மாறிய இருநூறு ரூபாய்

அப்பாவின் இறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்தத்தான் சேலம் போனேன். இரண்டே நடையில் முடிந்தது. சொல்ல வந்தது ஏற்காடு பஸ்ஸைப் பற்றி.

பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, பை, ஒரு குழந்தைகூட உள்ளே போய்விட்டது. டொரண்டோவில் 14 வருஷம் வரிசையில் நின்று பழகிய நான் மனதுக்குள் திட்டிக்கொண்டே கடைசியாக ஏறினேன்.

கண்டக்டர் முன்னால் மாட்டிக்கொண்டார். "காசக் கொடுத்து உடுங்க!" இருநூறு ரூபாய்த் தாளை எதிரே நின்ற பெரியவரிடம் நீட்டி, "ஏற்காடு ஒண்ணு" என்றேன். அவரிடமிருந்து ஒரு காலேஜ் பெண்ணுக்கு, அங்கிருந்து துண்டு போட்டு இடம் பிடித்த அதே ஆளுக்கு. அதற்கப்புறம் தாள் கண்ணில் படவில்லை. அஸ்தம்பட்டி தாண்டியாயிற்று. கோரிமேடு வருவதற்குள் டிக்கெட்டும் மீதியும் அதே கைகள் வழியாக வந்து சேர்ந்தன. ஒரு ரூபாய் குறையவில்லை. "எண்ணிப் பாத்துக்குங்க தம்பி" என்றார் பெரியவர். டொரண்டோ பஸ் உண்டியலில் ரொக்கம் போட்டால் மீதியே கிடையாது.

மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். குறுகிய மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. போலீஸ் இல்லாத வளைவுகளிலும் லாரிகள் ஒதுங்கி நின்றன. ஒரே ஒரு கார் மட்டும் மூக்கை நுழைத்து, முன்னாலும் பின்னாலும் அடைத்துக்கொண்டது. நம் துண்டுக்காரர்தான் இறங்கிப் போய், பஸ்ஸின் முதுகைத் தட்டித் தட்டி, "வரட்டும்... வரட்டும்... போதும்" என்று பின்னால் எடுக்க வைத்தார். அவர் திரும்பி வரும்வரை அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற மலைக் காட்சிமுனையில் வயிறு எரிந்தது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை. சரிவில் கப்பும் கவருமாகக் கிடக்கிறது, குரங்கு பிய்க்கிறது. யாருடைய காசு என்று தெரிந்தால் பத்திரமாக வருகிறது. சரிவு யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை போலும். ஊர் எப்படியிருக்கு என்று டொரண்டோவில் கேட்பவர்களிடம் இனி இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திரும்பும்போது கூட்டம் நெரித்தது. நானும் ஜன்னல் வழியாகப் பையை நீட்டினேன். பாஸ்போர்ட் அதற்குள்தான் இருந்தது. உள்ளே இருந்த ஓர் அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவா ஏறி வாங்க" என்றார்.